ஜனவரியில் டன்ஃபெர்ம்லின் அபி பார்க்கப் போகலாமா?

நீங்கள் கேட்டது இது: ஜனவரி நடுவில் ஒரு வாரம் எடின்பரோவில் இருப்பீர்கள், 66 வயது அம்மாவும் கூட வருகிறார், ஒரே ஒரு நாள் கையில் காலியாக இருக்கிறது. அந்த நாளை டன்ஃபெர்ம்லின் ஊரில் அபி என்று அழைக்கப்படும் மடாலயத்துக்கும் அதை ஒட்டிய பழைய அரண்மனைக்கும் கொடுக்கலாமா, இல்லை குளிர்காலத்தில் எல்லாம் பூட்டிக் கிடக்குமா? கேள்வியை இரண்டாம் தடவை படித்தபோது, நீங்கள் திறக்கும் நேரத்தைக் கேட்கவில்லை என்று புரிந்தது. அதை இரண்டு நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடுவீர்கள். பாதி மூடிக் கிடக்கும் ஓர் இடத்துக்கு, குளிரில், முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு போவது தகுமா என்பதுதான் உங்கள் கவலை. தகும் என்றே சொல்வேன். எந்தக் கிழமை, எந்த மணி, எந்தக் கதவு என்ற மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டால், கோடையில் போகிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கல் கட்டடங்களைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டு பழுதுபார்ப்பது என் தொழில். ஸ்காட்லாந்தில் 12 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். டன்ஃபெர்ம்லின் அபியில் நான் வேலை செய்ததில்லை. ஆனால் எடின்பரோவுக்கு வடக்கே ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில் வேலை வரும்போதெல்லாம் அங்கே போய் ஒரு மணி நேரமாவது நின்றுவிட்டு வருவேன், பெரும்பாலும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில். சுண்ணாம்பு உறைபனியில் பிடிக்காது. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெளிவேலையை நிறுத்திவிடுவோம். அதனால் எங்களைப் போன்றவர்களுக்குக் குளிர்காலத்தில்தான் ஓய்வு. கல்லைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். வரலாறு நான் படித்தும் கேட்டும் சேர்த்தது, நான் வரலாற்றாசிரியன் இல்லை. அதில் எதற்கு ஆதாரம் இருக்கிறது, எது ஊர்ப்பேச்சு என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நீளக் கட்டடம் போலத் தெரியும். உண்மையில் அது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கட்டடங்கள். மேற்குப் பாதி 12ஆம் நூற்றாண்டின் மடாலய நடுமண்டபம், இங்கே நேவ் என்பார்கள். கிழக்குப் பாதி 1818 முதல் 1821 வரை கட்டிய தேவாலயம். மேற்கு மண்டபம், தெற்குச் சரிவில் நிற்கும் துறவிகளின் உணவுக்கூடம், அரண்மனை இடிபாடு ஆகிய மூன்றும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பின் பொறுப்பு. டிக்கெட் வாங்க வேண்டும், குளிர்காலத்திலும் திறப்பார்கள். கிழக்குப் பாதி ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது, இன்றும் வழிபாடு நடக்கும் கோயில். அங்கே இருப்பவர்கள் தன்னார்வலர்கள். கோடை மாதங்களில் அவர்கள் பார்வையாளர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பார்கள், குளிர்காலத்தில் ஞாயிறு வழிபாட்டுக்குத்தான் அது திறக்கும். இது தெரியாமல் வருகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். ஏனென்றால் பெரும்பாலோர் தேடி வரும் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் கல்லறை அந்தக் கிழக்குப் பாதியில் இருக்கிறது.

ஆகவே கிழமையைப் பற்றி. அக்டோபர் முதல் மார்ச் வரை நேவும் அரண்மனையும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடும், கடைசி நுழைவு அதற்கு அரை மணி முன்னால். எனக்குத் தெரிந்த குளிர்காலங்களில் வாரத்தின் நடுவில், வியாழன் வெள்ளியை ஒட்டி, மூடல் இருந்திருக்கிறது. இது வருஷத்துக்கு வருஷம் மாறக்கூடியது, புயல் எச்சரிக்கை வந்தால் அன்று காலையிலேயே மூடிவிடுவதும் உண்டு. கிளம்பும் முந்தின நாளும் அன்று காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புரூஸின் கல்லறையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காலை வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், மதம் கேட்க மாட்டார்கள். முடிந்ததும் பிரசங்க மேடைக்கு அருகில் போய் நில்லுங்கள். அதன் கீழே தரையில் பதித்திருக்கும் பெரிய பித்தளைத் தகடுதான் கல்லறை. வழிபாட்டின் நடுவே எழுந்து படம் எடுக்கப் போகாதீர்கள். பிறகு பணிவாகக் கேட்டால் அவர்களே கூட வந்து காட்டுவார்கள், நான் போனபோது அப்படித்தான் நடந்தது.

அந்தத் தகட்டுக்குக் கீழே இருப்பது உண்மையில் புரூஸ்தானா என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. புரூஸ் 1329 ஜூன் 7 அன்று கார்ட்ராஸில் இறந்தார், உடல் இங்கே அடக்கம் செய்யப்பட்டது, இதயம் மட்டும் அவர் விருப்பப்படி தனியே எடுக்கப்பட்டது. 1560இல் மதச் சீர்திருத்தக் கலவரத்தில் மடாலயம் சூறையாடப்பட்டபோது அரச சமாதிகள் எல்லாம் அடையாளம் தெரியாமல் போயின. 1818 பிப்ரவரியில் புதுக் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள் பழைய பலிபீடம் இருந்த இடத்துக்கு முன்னால் ஒரு கல் அறையைக் கண்டார்கள். உள்ளே ஈயத்தகட்டில் சுற்றிய எலும்புக்கூடு, தங்க இழைத் துணியின் எச்சங்கள். மார்பெலும்பு அறுக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் பொன்முலாம் பூசிய வெள்ளைப் பளிங்குத் துண்டுகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு மண்டையோட்டை அச்செடுத்துவிட்டு, உருக்கிய கீலை ஊற்றி நிரப்பித் திரும்பப் புதைத்தார்கள். பெயர் எழுதிய நம்பகமான சாட்சியம் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும், இதயம் எடுக்கப்பட்டதற்கான அந்த அறுப்பும் புதைத்த இடமும் சேர்ந்து பெரும்பாலான அறிஞர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. எனக்கும் போதும். மெல்ரோஸ் மடாலயத்தில் கிடைத்து 1998இல் மீண்டும் புதைக்கப்பட்ட ஈயப் பேழைக்குள் இருப்பது அவர் இதயம்தான் என்பதை அந்த அளவு உறுதியோடு சொல்ல முடியாது. பொருத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

உள்ளே போக முடியாவிட்டாலும் புரூஸ் உங்களைச் சும்மா விட மாட்டார். கிழக்குக் கோயிலின் கோபுர உச்சியில், நான்கு பக்கமும் சேர்த்து, கிங் ராபர்ட் தி புரூஸ் என்ற பெயரை ஆளுயரக் கல் எழுத்துகளாகவே கைப்பிடிச் சுவராக வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். கோபுரத்தை முழுதாகச் சுற்றி வந்தால்தான் பெயர் முழுதாகும். அம்மாவை அழைத்துக்கொண்டு கோயில் தோட்டத்து நடைபாதையில் மெதுவாகச் சுற்றுங்கள், அதற்கு டிக்கெட் வேண்டாம்.

சரி, குளிர்காலத்தில் நேவுக்கு என்ன தனிச்சிறப்பு? வெளிச்சம். டன்ஃபெர்ம்லின் 56ஆம் அட்சரேகையில் இருக்கிறது. ஜனவரி நடுவில் உச்சிவேளையில்கூட சூரியன் அடிவானத்துக்கு மேலே 13 டிகிரிதான் ஏறும். சென்னையில் அதே நாளில் 55 டிகிரிக்கு மேல் இருக்கும். இங்கே ஜூன் மாதத்தில்தான் சூரியன் நம் ஊர்த் தைப்பொங்கல் உயரத்துக்கு வரும். நேவ் கிழக்கு மேற்காக நீண்ட மண்டபம், சுவர்கள் தடித்தவை, ஜன்னல்கள் சிறியவை. கோடையில் மேலிருந்து விழும் வெயில் தெற்குப் பக்கத் தரையோடு நின்றுவிடுகிறது. குளிர்காலத்தில், மேகம் விலகினால், பகல் 12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் அது ஏறக்குறையப் படுக்கைவாட்டில் தெற்கு ஜன்னல் வழியாக நுழைந்து, தூண்களுக்கு இடையே புகுந்து, வடக்கு வரிசைத் தூண்களின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து விழும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் கல் பேசும். உளி இழுத்த கோடு ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். எங்கள் தொழிலில் ஒரு சுவரை ஆராய வேண்டும் என்றால் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்போம். அந்த வேலையை ஜனவரி சூரியன் மண்டபம் முழுவதற்கும் செய்து தருகிறது.

கிழக்குக் கோடியில் இருக்கும் தூண்களிடம் நேராகப் போங்கள். அவற்றில் சிலவற்றில் தூணைச் சுற்றி ஏறும் சுருள்கோடுகளும் மடிந்து மடிந்து போகும் கோணல்கோடுகளும் ஆழமாகச் செதுக்கியிருக்கும். மற்ற தூண்கள் வெறுமையானவை. இந்தச் செதுக்கல் அலங்காரத்துக்காக எங்கேயோ வைத்தது இல்லை, பலிபீடத்தை நெருங்குகிறோம் என்று சொல்லும் அடையாளம். கருவறையை நெருங்க நெருங்க நம் கோயில் தூண்களில் வேலைப்பாடு கூடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே எண்ணம்தான். ஒவ்வொரு கல்லிலும் கோட்டின் ஒரு துண்டைத் தரையிலேயே செதுக்கி முடித்து, அடுக்கும்போது ஒன்றோடொன்று சேர வைத்திருக்கிறார்கள். அருகில் போய்ச் சந்துகளைப் பாருங்கள். சில இடங்களில் கோடு ஒரு விரல்கடை தப்பியிருக்கும். 850 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தப்பு அப்படியே நிற்பது, எனக்கு எந்தச் சிலையையும் விட நெருக்கமாக இருக்கிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயத்தில் இதே வகைத் தூண்கள் இன்னும் பெரிதாக இருக்கின்றன, இதற்குச் சற்று முந்தியவை. டர்ஹமில் வேலை செய்த கொத்தனார்களே இங்கே வந்தார்கள் என்று புத்தகங்களில் படிப்பீர்கள். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் அது மிகவும் நடந்திருக்கக் கூடியது என்று சொல்வேன். ஆனால் அது கையைப் பார்த்துச் செய்யும் ஊகம், கூலிக்கணக்கு பார்த்துச் சொல்வதில்லை.

தூண்களைப் பார்த்த பிறகு தரையைப் பாருங்கள். அங்கேதான் கதை தொடங்குகிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கிருந்து தப்பி வந்த அரச குடும்பத்தில் ஒருத்தி மார்கரெட். ஹங்கேரியில் வளர்ந்தவர். ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் மால்கம் அவரை 1070ஐ ஒட்டி இந்த ஊரில்தான் மணந்தார். மார்கரெட் கான்டர்பரியிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளை வரவழைத்து ஒரு சிறு மடத்தைத் தொடங்கினார். அவருடைய மகன் முதலாம் டேவிட் 1128இல் அதைப் பெரிய மடாலயமாக உயர்த்தினார், இன்று நாம் நிற்கும் மண்டபம் அவர் காலத்தில் எழுந்தது, 1150இல் அருட்பொழிவு செய்யப்பட்டது. மார்கரெட்டின் சின்னக் கோயில் இந்தத் தரைக்குக் கீழே இருக்கிறது. அதன் சுவர்க் கோடு தரையில் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது, இரும்புக் கம்பிச் சட்டங்கள் வழியாகப் பழைய அடித்தளத்தை எட்டிப் பார்க்கலாம். மகன் தாயின் கோயிலை இடித்துவிட்டான் என்று ஒரு நண்பர் என்னிடம் வருத்தப்பட்டார். நான் அப்படிப் பார்க்கவில்லை. தாயின் கோயிலையும் சமாதியையும் உள்ளே வைத்து மூடுகிற அளவுக்குப் பெரிய கோயில் கட்டியிருக்கிறார்.

மார்கரெட் 1093 நவம்பர் 16 அன்று எடின்பரோ கோட்டையில் இறந்தார். மூன்று நாள் முன்னால்தான் கணவரும் மூத்த மகனும் ஆன்விக் அருகே போரில் கொல்லப்பட்டிருந்தார்கள். 1250இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது உடலைக் கிழக்குக் கோடியில் ஒரு புதுச் சமாதிக்கு மாற்றினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மால்கமின் சமாதியைத் தாண்டும்போது அது அசைக்க முடியாதபடி கனத்துவிட்டது, கணவரின் எலும்புகளையும் கூடவே எடுத்த பிறகுதான் நகர்ந்தது என்று ஒரு கதை. இதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சமாதியின் அடிப்பீடம் இன்னும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கோயில் பழையதை விட நீளம் குறைவாகக் கட்டப்பட்டதால், ஒரு காலத்தில் மடாலயத்தின் மிகப் புனிதமான இடமாக இருந்தது இப்போது கிழக்குச் சுவருக்கு வெளியே வானம் பார்த்துக் கிடக்கிறது. மெருகேற்றிய சுண்ணாம்புக்கல் அது. மழை நனைத்த நாளில் அதன் நிறம் கருத்து ஆழமாகும். கோடையின் உலர்ந்த நாளில் வெளிறிப் போய்ச் சாதாரணக் கல் போல இருக்கும். குளிர்காலத்துக்கு இன்னொரு காரணமாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேவின் வடபக்கத்தில் ஒரு சமாதியைத் தவறவிடாதீர்கள். ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் கட்டட அதிகாரியாக இருந்த வில்லியம் ஷா 1602இல் இறந்தார். அவருக்காக அரசி ஆன் எழுப்பிய நினைவுச்சின்னம் அது. கொத்தனார்கள் எப்படிப் பயிற்சி பெற வேண்டும், எத்தனை பேரைத் தொழில் பழக வைத்துக்கொள்ளலாம், ஆபத்தான சாரம் கட்டினால் என்ன தண்டனை என்றெல்லாம் 1598இலும் 1599இலும் விதிகள் எழுதியவர் அவர். நான் ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு நிமிடம் நிற்பேன்.

குளிரைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். நேவில் சூடேற்றும் வசதி இருப்பதாக எண்ணி வராதீர்கள். தடித்த கல் சுவர் வாரக்கணக்கில் குளிரைச் சேர்த்து வைத்திருக்கும், அதனால் வெளியே 8 டிகிரி இருக்கும் மிதமான நாளில் உள்ளேதான் அதிகம் குளிரும். ஒரு வாரம் உறைபனி அடித்து, பிறகு திடீரென்று தென்மேற்கிலிருந்து ஈரமான வெதுவெதுப்புக் காற்று வந்தால், கல் தரை வியர்க்கும். குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் போல. அன்றைக்குத்தான் வழுக்கும், மழை நாளில் அவ்வளவு இல்லை. அம்மாவுக்குத் தடித்த ரப்பர் அடியுள்ள ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், முழங்காலுக்கு மேல் ஒரு கம்பளி உறை. மேல் கோட்டை விடக் கால் முக்கியம், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். 40 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் உள்ளே நிற்க வேண்டாம்.

அங்கங்கே வேலியோ சாரமோ கண்ணில் பட்டால் எரிச்சல் அடையாதீர்கள். கடந்த சில வருஷங்களாக ஸ்காட்லாந்து முழுவதும் பழைய கட்டடங்களின் உயரமான பகுதிகளில் கல் தளர்ந்திருக்கிறதா என்று ஆராய்ந்து வருகிறார்கள், அதனால் பல இடங்களில் சில பகுதிகள் மூடப்பட்டன. காரணம் மழை கூடியது மட்டும் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் மென்மையான மணற்கல்லின் சந்துகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் கல்லுக்குள் தேங்குகிறது, உறையும்போது கல்லின் முகமே செதில் செதிலாக உதிர்கிறது. அப்படி உதிர்ந்த கல்லும் சிமெண்டு மட்டும் தேன்கூட்டுச் சட்டம் போலத் துருத்தி நிற்பதுமாக ஒரு சுவரை எங்கேயாவது பார்த்தால், அதுதான் நான் சொல்வது. நம் ஊரில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த தாத்தாக்கள் இதைக் கேட்டால் சிமெண்டைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

அரண்மனையைப் பற்றி எதிர்பார்ப்பை இப்போதே சரி செய்துகொள்ளுங்கள். அறைகள், கட்டில்கள், ஓவியங்கள் எதுவும் இல்லை. நிற்பது ஒரு பெரிய சுவரும் அதன் அடித்தள அறைகளும். முதலில் இது மடாலயத்தின் விருந்தினர் மாளிகை. அரச குடும்பம் மடத்துக்கு வந்து தங்குவதும் இங்கேயே பிள்ளை பெறுவதும் நெடுங்கால வழக்கம். புரூஸின் மகன் இரண்டாம் டேவிட் 1324இலும், முதலாம் ஜேம்ஸ் 1394இலும் இந்த வளாகத்தில் பிறந்தார்கள். மடம் போன பிறகு, ஆறாம் ஜேம்ஸ் 1589இல் டென்மார்க் இளவரசி ஆனை மணந்தபோது டன்ஃபெர்ம்லினை அவருக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார், விருந்தினர் மாளிகை அரண்மனையாக மாறியது. 1600 நவம்பர் 19 அன்று அவர்களுக்கு இங்கே பிறந்த சார்லஸ், பிறகு பிரிட்டனின் மன்னராகி 1649இல் தலை வெட்டப்பட்டவர், ஸ்காட்லாந்தில் பிறந்த கடைசி மன்னர். 1603இல் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னராகி லண்டன் போனதும் இந்த வீட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரண்டாம் சார்லஸ் 1650இல் வந்து தங்கியதுதான் கடைசி. 1708இல் கூரை போனது. கூரை போன கட்டடம் அதன் பிறகு வெறும் கற்குவியல் ஆக எவ்வளவு காலம் என்பதுதான் கேள்வி. இந்தச் சுவர் இன்னும் நிற்பதே பெரிது.

அந்தச் சுவரை உள்ளே இருந்து பார்ப்பதை விட மேற்கே பிட்டன்கிரீஃப் பூங்காவின் பள்ளத்தாக்கிலிருந்து பார்ப்பது நல்லது, அதுவும் குளிர்காலத்தில். கோடையில் பள்ளத்தாக்கு முழுக்க இலை, சுவர் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஜனவரியில் மரங்கள் வெறுமையாக நிற்கும்போது, ஓடை மட்டத்திலிருந்து ஜன்னல் வரிசை வரை முழு உயரமும் கண்ணுக்கு வரும். மேட்டில் ஒரு மாளிகையைக் கட்ட அவர்கள் எவ்வளவு ஆழத்திலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் புரியும். ஆனால் பள்ளத்துக்கு இறங்கும் பாதைகள் ஈர இலையும் பாசியுமாக இருக்கும், அம்மாவை இறக்க வேண்டாம். அவருக்கு மொனாஸ்டரி ஸ்ட்ரீட் போதும். உணவுக்கூடத்தின் பிரம்மாண்டமான தெற்குச் சுவர் அந்தத் தெருவுக்கு மேலே எழுந்து நிற்கும், அரண்மனைச் சமையலறையோடு அதை இணைக்கும் வாயில் வளைவின் அடியில் தெருவே புகுந்து போகும். 1303 குளிர்காலத்தை இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் தன் படையோடு இந்த மடத்தில்தான் கழித்தார். கிளம்பும்போது துறவிகளின் குடியிருப்புக் கட்டடங்கள் எரிக்கப்பட்டன. இன்று நிற்கும் உணவுக்கூடம் அதற்குப் பிறகு புரூஸ் காலத்தில் மறுபடி எழும்பியது.

அதே பூங்காவில் மால்கமின் கோபுரம் என்று ஒரு கல்மேட்டைக் காட்டுவார்கள். மால்கமின் கோட்டை இந்தப் பள்ளத்தாக்கில் எங்கோ இருந்தது என்பது நியாயமான நம்பிக்கை. கண்ணால் பார்க்கும் அந்தக் கற்கள் அவர் காலத்தவைதான் என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது. கோயில் தோட்டத்தில் ஸ்காட்லாந்தின் விடுதலைப் போர்த் தலைவர் வில்லியம் வாலஸின் தாயாரின் கல்லறை என்று ஒரு முள்மரத்தைக் காட்டுவது முழுக்க ஊர் மரபு. மார்கரெட் தனியே ஜெபித்ததாகச் சொல்லும் குகை ஒன்று கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் இருக்கிறது, நிறையப் படிகள் இறங்க வேண்டும், குளிர்காலத்தில் மூடல். அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பூங்காவுக்கு ஒரு கதை உண்டு. ஆண்ட்ரூ கார்னெகி 1835இல் இந்த ஊரில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது இது தனியார் எஸ்டேட். நிலத்துக்காரரோடு கார்னெகியின் தாய்வழிக் குடும்பம் பொதுவழி உரிமைக்காகச் சண்டை போட்டதால், வருஷத்தில் ஒரு நாள் ஊருக்கே திறந்துவிடும்போதுகூட அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அனுமதி இல்லை. அமெரிக்கா போய் எஃகில் பணம் சேர்த்த பிறகு, 1902இல் முழு எஸ்டேட்டையும் விலைக்கு வாங்கி, அடுத்த வருஷம் ஊருக்கே கொடுத்துவிட்டார். இன்றும் இலவசம், எல்லாக் காலத்திலும் திறந்திருக்கும். உலகில் அவர் கொடுத்த நூலகங்களில் முதலாவது, 1883இல் திறந்தது, மடாலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2017இல் அதோடு அருங்காட்சியகமும் காட்சிக்கூடமும் சேர்த்து விரிவாக்கினார்கள். கட்டணம் இல்லை, லிஃப்ட் இருக்கிறது, கதகதப்பாக இருக்கும், கழிப்பறை சுத்தம். மாடி காபிக் கடையின் பெரிய ஜன்னலிலிருந்து மடாலயம் நேராகத் தெரியும். உங்கள் நாளின் அச்சாணி இந்த இடம்தான். அம்மாவை இங்கே சூப்போடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் பள்ளத்தாக்குக்கு அரை மணி போய் வரலாம்.

பயணத்துக்கு ரயில்தான் சரி. எடின்பரோ வேவர்லியிலிருந்து 40 நிமிடத்துக்குள் டன்ஃபெர்ம்லின் சிட்டி நிலையம். 2022இல் ஊர் நகர அந்தஸ்து பெற்ற பிறகு வைத்த பெயர் அது, பழைய குறிப்புகளில் டன்ஃபெர்ம்லின் டவுன் என்று இருக்கும். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். 1890இல் திறந்த ஃபோர்த் ரயில் பாலத்தின் மேல் போகும்போது மற்ற இரண்டு சாலைப் பாலங்களும் அந்தப் பக்கம்தான். கீழே இரு கரையிலும் இருக்கும் ஊர்களுக்கு குயின்ஸ்ஃபெர்ரி என்று பெயர். மார்கரெட் அரசி யாத்ரிகர்களுக்காக ஏற்படுத்திய படகுத்துறை என்பதால் வந்த பெயர், நீங்கள் போவது அந்தப் பழைய யாத்திரை வழியேதான். நிலையத்திலிருந்து மடாலயம் வரை கால் மணி நடை, ஆனால் ஏற்றம். அம்மாவுக்காக டாக்சி எடுங்கள், பக்கம்தான். பேருந்தில் வந்தால் பேருந்து நிலையம் மேட்டிலேயே இருப்பதால் ஏற்றம் மிச்சம், பாலத்துக் காட்சி போய்விடும்.

மணிக்கணக்கு இப்படி வைத்துக்கொள்வேன். சூரியன் எட்டரைக்கு மேல்தான் உதிக்கும், அவசரமாகக் கிளம்பிப் பயன் இல்லை. 10 மணி ரயில், வந்ததும் நூலகத்தில் ஒரு காபி. பதினொன்றரைக்கு நேவ், வெயில் தூண்களுக்கு வரும்வரை உள்ளே இருங்கள். மேகம் மூடியிருந்தால் கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், கொத்தனார்கள் கூலிக்காகப் போட்ட சிறு குறிகள்கூடக் கண்ணில் படலாம். பிறகு அரண்மனையும் உணவுக்கூடமும், அங்கே படிகள் உண்டு, அம்மா மேல்மட்டத்திலேயே நிற்கட்டும். ஒன்றரைக்குச் சாப்பாடு. அதன் பிறகு கிழக்குச் சமாதிப் பீடம், கோபுரத்து எழுத்து, முடிந்தால் பள்ளத்தாக்கு. ஞாயிறு என்றால் காலையில் வழிபாடு, மற்றதெல்லாம் ஒரு மணி தள்ளி.

உங்கள் காலி நாள் எந்தக் கிழமை என்று நீங்கள் எழுதவில்லை. அது வியாழனோ வெள்ளியோ என்றால், நேவ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூடல் என்றால் வேறொரு நாளின் வேலையைச் சற்று நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். நேவ் இல்லாத டன்ஃபெர்ம்லினுக்கு இந்தக் குளிரில் அம்மாவை அழைத்துப் போகச் சொல்ல மாட்டேன். எந்த நாளில் போனாலும் மூன்று, மூன்றரை மணிக்குள் ஊரை விட்டுக் கிளம்பும் ரயிலைப் பிடியுங்கள். சூரியன் நான்கு மணியை ஒட்டி மறையும், திரும்பும்போது வலப்பக்க ஜன்னல்.